கப்பல் நேரம், தீவு நேரம்

அன்புள்ள அம்மா,

ஆசி வாங்க உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று கப்பல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நின்றது. எனக்கும் அறைத்தோழி லிகாயா அக்காவுக்கும் நான்கு மணி நேரம் ஓய்வு. துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைக்குப் போனால் பயணிகள் அங்கேயும், "ரொவேனா, துண்டு கொண்டா" என்பார்கள். அதனால் டாக்சி பிடித்துத் தீவின் மறுபக்கம் போனோம். ஆளே இல்லை. சோறும் கருவாடும் சாப்பிட்டோம்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்குடி, படு" என்றாள் அக்கா, போனைப் பார்த்து. படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போன் தானாகவே தீவு நேரத்துக்கு மாறியிருந்தது. கப்பல் நேரம் ஒரு மணி நேரம் முன்னால்; அப்படியென்றால் மிச்சம் அரை மணி நேரம்தான். பாஸ்போர்ட்டோ கப்பலில். அந்தப் பக்கம் காலி டாக்சியும் வராது. ஐஸ் லாரி ஒன்றை மறித்து, ஐஸ் மேலேயே உட்கார்ந்து வந்தோம். ஏணியை எடுக்கும் நேரத்தில் ஏறிவிட்டோம்.

"ஐஸ் மேல உக்காந்தும் உனக்கு வேர்க்குது பாரு!" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். கவலைப்படாதீர்கள். எழுத்து கோணலாக இருப்பது கப்பல் ஆடுவதால்தான்.

அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை விடுமுறை முடிந்து கப்பலுக்குத் திரும்பும் நெஸ்டரிடம் கொடுத்தனுப்புங்கள். அது தானாக மாறாது. கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள்
ரொவேனா

பி.கு.: கடிகார முள்ளை யாரும் திருப்ப வேண்டாம். நம் வீட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டு வரட்டும்.