கரும்பு அறுவடை ஆவணப்படம்

மார்ச் 11, வெள்ளி

இதனால் கரீபியக் கடலோரக் கைபாரியென் நகரின் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எங்கள் வீட்டு மேசை விசிறி இன்று மாலை ஐந்தே முக்காலுக்குத் தன் மூன்று இறகுகளில் ஒன்றை இழந்தது. அந்த இறகு சுவரில் மோதி, சோற்றுப் பானைக்குள் பாய்ந்து, அங்கேயே அமைதியடைந்தது. சோறு சாப்பிடப்பட்டது. மிச்சமிருக்கும் இரண்டு இறகுகளும் டக்-டக்கென்று துக்கம் அனுசரித்தபடி சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது செய்தி. வெள்ளிக்கிழமைதோறும் வீடு வீடாக வரும் ரிகோ பொட்டலம் கொண்டுவந்தார். இந்த வாரம் உலகத்தில் வெளியான படம், தொடர், பாட்டு எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்க் ஒரு சாக்ஸுக்குள். அந்த சாக்ஸ் அவர் சைக்கிள் கூடையில். வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான் தருவார். அதற்குள் வேண்டியதை நம் டிஸ்கில் இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்க வேண்டுமென்றால் முதலில் இடம் வேண்டும்.

அண்ணன் இருந்தவரை அது அவன் இலாகா. இப்போது திரைப்பட அமைச்சர் நான். ஏழு சண்டைப் படம், நாலு சிரிப்புப் படம் தேர்ந்தெடுத்தேன். அழுகைப் படம் தொடவே இல்லை. இடத்துக்காக என் பள்ளிப் பாடங்களை அழித்தேன் (கண்ணீரே வரவில்லை). வயலின் கச்சேரி ஒன்றை அழித்தேன். ‘கரும்பு அறுவடை ஆவணப்படம் 3’ என்று ஒரு பெரிய கோப்பு. ஒன்றும் இரண்டும் எங்கே போயின? யாருக்கு வேண்டும்! அதையும் அழித்தேன். பதினோரு படத்துக்கும் இடம் கிடைத்தது. நிர்வாகத் திறமை என்றால் இது.

ரெய்னியர் அண்ணன் பிழைப்புத் தேடிப் படகில் கடல் தாண்டி வடக்கே போய் முப்பத்தாறு நாள். ஒரு போன்கூட வரவில்லை. கூடப் போன மூன்று பேரின் வீடுகளுக்கும் இல்லை.

மார்ச் 12, சனி

மின்வெட்டு மதியத்தோடு முடிந்துவிட்டது. சனிக்கிழமைப் படக்காட்சி. பக்கத்து வீட்டு நெரெய்தா அக்கா வழக்கம்போல தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, ஒரு தட்டு வாழைக்காய் வறுவலோடு வந்தாள். ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கிற கதாநாயகன் நேராக ஒரு கல்யாணக் கேக்கில் விழுகிறான். அக்கா சிரித்துப் புரையேறி, முதுகில் நான் குத்த வேண்டியதாயிற்று.

அம்மா சிரிக்கவில்லை. படம் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “நல்லா இருந்துச்சுடா ஓஸ்னி,” என்றாள். திரையில் என்ன ஓடியது என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள். கேட்கவில்லை.

அவள் மூன்று கோப்பையில் காபி ஊற்றுகிறாள், இன்னமும். மூன்றாவது ஆறிப்போனபின் அவளுக்குத் தெரியாமல் நான் குடித்துவிடுகிறேன்.

மார்ச் 13

இன்றும் மூன்று.

மார்ச் 18, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு எல்லார் குரலும் வரும். தலைமை ஆசிரியர் குரலில் போன் பண்ணி வகுப்புக்கே லீவு விட்டவன் நான். ரிகோ குரலில் கூவி, தெருவே டிஸ்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறது. அம்மா காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் சிரிப்பாளே என்று—வேறொன்றுமில்லை, சத்தியமாக—கதவுக்கு வெளியே நின்று அண்ணன் குரலில் கேட்டேன்: “அம்மா, காபி இருக்கா?”

அவள் ஓடி வந்தாள். கையில் கரண்டி. செருப்பில்லை. என்னைப் பார்த்தாள். என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ஏன் அடிக்கவில்லை?

இனி அந்தக் குரலை எடுக்க மாட்டேன். எடுத்தால் என் நாக்கு அழுகட்டும்.

மார்ச் 26, சனி

இன்று அம்மா தானாகவே வந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தாள். தலை கூட வாரியிருந்தாள்.

“ஓஸ்னி, அந்த மீசைப் படத்தப் போடு.”

மீசைப் படம் என்றால் ஒரு ஓட்டைச் சண்டைப் படம். மீசைக்கார ஜெனரல் ஒருவன் கதாநாயகனைத் துரத்து துரத்தென்று துரத்துவான், அவ்வளவுதான் கதை. போன வருஷம் அண்ணன் அதிலிருந்த பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு எல்லோருக்கும் தானே குரல் கொடுத்தான். ஜெனரல், காதலி, நாய், எல்லாம் அவனே. அவன் கதையில் அத்தனை துப்பாக்கிச் சூடும் ஒரு ரேஷன் அட்டைக்காக. ஜெனரல் இயந்திரத் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்து, “கியூவுல கடைசி ஆள் யாரு?” என்று கத்துவான். கதாநாயகன் பாலத்திலிருந்து குதிக்கும்போது, “வரிசையில என் எடத்தப் பாத்துக்கங்க!” என்பான். அன்றைக்கு அம்மா சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தாள். அண்ணன் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

டிஸ்கில் தேடினேன். இல்லை. “எந்தப் பேர்ல வெச்சானோ தெரியலையேம்மா.”

“கரும்பு அறுவடைன்னு வெச்சான். வேற பேர் வெச்சா நெரெய்தா காப்பி எடுத்து ஊரெல்லாம் பரப்பிடுவான்னு. கரும்புன்னா எவனும் தொடமாட்டான்னு சொன்னான்.”

எவனும் தொடமாட்டான்.

“தண்ணி குடிச்சிட்டு வரேன்,” என்று பின்பக்கம் போய் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். விசிறியின் டக்-டக் நின்றது. “அய்யோ, கரண்டு போச்சும்மா!”

இருட்டில் அம்மாவின் மூச்சு கேட்டது. அதைவிடத் தெளிவாக நெரெய்தா அக்கா வீட்டுத் தொடர் கேட்டது. யாரோ யாரையோ, “பாவி, அந்தக் குழந்தை உன்னோடதுதான்!” என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அவங்க வீட்ல பேட்டரி இருக்கும்மா,” என்றேன்.

“ஓ,” என்றாள் அம்மா.

மார்ச் 27, ஞாயிறு

ரிகோ வீட்டுக்கு ஓடினேன். அழித்ததை மீட்கத் தெரியும் என்று பீற்றிக்கொள்வாரே.

“எப்ப அழிச்ச?”

“ரெண்டு வாரம் இருக்கும்ணே.”

“அதுக்கு மேல எத்தன படம் ஏத்துன?”

“பதினொண்ணு. நேத்து முந்தாநாள் இன்னும் ஆறு.”

டிஸ்கைத் தன் கணினியில் மாட்டி ஒரு மணி நேரம் குடைந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “அது இருந்த எடத்து மேலயே புதுப் படம் எழுதியாச்சுடா தம்பி. கடல்ல போட்டதத் தேடுற மாதிரி—” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். டிஸ்கைக் கழற்றி என் கையில் வைத்தார்.

மார்ச் 28

அம்மாவை ஒரு தடவை சிரிக்கவைக்கத்தான் அந்தப் பதினோரு படம். அதற்கு இடம் பண்ணத்தான்—

போதும்.

மார்ச் 29, செவ்வாய்

மீசைப் படத்தின் அசல், அண்ணன் குரல் இல்லாதது, ரிகோவின் பழைய சேமிப்பில் இருக்கிறது! எனக்கு எல்லார் குரலும் வரும். பதினெட்டாம் தேதி செய்த சத்தியம்? நாக்கு அழுகினால் அழுகட்டும்.

ரிகோவிடம் சொன்னேன். வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். “இது தப்பா சரியான்னு எனக்குத் தெரியலடா. ஆனா மைக் இருக்கு.”

மார்ச் 31, வியாழன்

வெளிச்சத்தம் மைக்கில் விழாதிருக்க ரிகோ வீட்டுத் துணி அலமாரிக்குள் குரல்பதிவு, இரண்டாவது நாள். உள்ளே அவர் மாமியாரின் கோட்டுகள், பூச்சி உருண்டை வாசம், நான். ஜெனரல் வந்துவிட்டான். காதலி வந்துவிட்டாள். நாய் அசலை விஞ்சிவிட்டது. கதாநாயகன் மட்டும் லேசாகத் தடுமாறுகிறான், அண்ணன் அவனைத் தன் சொந்தக் குரலிலேயே பேசவிட்டிருந்தான். நாற்பது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

பல வசனம் மறந்துவிட்டது. இரண்டு வருஷமாகியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு வருஷம்கூட ஆகவில்லையே. மறந்த இடத்திலெல்லாம் நானே இட்டுக்கட்டினேன்.

ஏப்ரல் 2, சனி

வரலாற்றில் பொறிக்க வேண்டிய நாள்!

“அம்மா, மீசைப் படம் கிடைச்சிடுச்சு! வேற ஃபோல்டர்ல ஒளிஞ்சிருந்துச்சு!” என்று ரீல் விட்டேன். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் இருபது நிமிஷம் ஒன்றுமே இல்லை. ஜெனரல் கதாநாயகனைச் சுவரோரம் நிறுத்தி நெஞ்சில் துப்பாக்கியை வைக்கிற இடம் வந்தது. அங்கே அம்மா ‘ஹ’ என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்த முடியவில்லை. சிரித்தாள்! ஐம்பத்தெட்டு நாள் கழித்து! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சத்தம் கேட்டு நெரெய்தா அக்கா ஓடிவந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நாற்காலிகூடப் போடாமல் திரும்பிப் போனாள்.

படம் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெற்ற தாயையே ஏமாற்றிய மகா கலைஞன், கரீபியக் கடலின் தலைசிறந்த குரல்வித்தகன், ஓஸ்னியெல்! தலைமுறைகள் பேசும்.

ஏப்ரல் 3, ஞாயிறு

காலையில் அம்மா அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

“அவன் அந்தப் படத்துக்குப் பேசுன வாரம் அவனுக்குச் சளிடா.”

சர்க்கரை டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

“பாலத்து மேல ஒரு தும்மல் தும்முவான். அத எடுக்கத் தெரியாம அப்படியே விட்டுட்டான். நேத்து நீ தும்மல.”

டப்பாவை அவள் திரும்பாமலே எடுத்துக்கொண்டாள்.

“ஃப்யூஸ் கட்டைய இனிமே ஈரக் கையோட தொடாத. ஷாக் அடிச்சா எனக்கு யாரு இருக்கா?”

அப்படியானால் ஃப்யூஸ் பிடுங்கிய அன்றே அவளுக்குத் தெரியும். கரும்பு அழிந்ததும் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். “அப்புறம் ஏன் சிரிச்ச?”

“அந்த ஜெனரல் துப்பாக்கிய நெஞ்சுல வெச்சிட்டு, ‘மொதல்ல கை கழுவுனியா?’ன்னு கேட்டானே. அது என் குரல்டா. நான் அப்படியா கத்துறேன்?”

அது நான் இட்டுக்கட்டிய இடம். அம்மா குரல் என்று எனக்கே தெரியாது.

பிறகு அவள் அடுப்பை அணைத்தாள். ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள். “அன்னிக்குக் கதவுக்கு வெளிய நின்னு சொன்னியே. அது மட்டும் அச்சு அசலா அவன்தான். இன்னொரு தடவ சொல்லுடா. இந்தத் தடவ ஓடி வரமாட்டேன்.”

வெளியே போய் நின்றேன். கதவைச் சாத்தினேன். வாயைத் திறந்தேன். வந்தது அந்தப் படத்துக் கதாநாயகன். தொண்டையைச் செருமி மறுபடி திறந்தேன். கதாநாயகன்தான். கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். நினைவிலும் அலமாரிக்குள்ளிருந்து நான்தான் பேசுகிறேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளேயிருந்து அம்மா, “சரி விடு, உள்ள வா,” என்றாள்.

மேசையில் இரண்டு கோப்பைதான் இருந்தது.

நேற்றைய பக்கத்தில் மகா கலைஞனையும் குரல்வித்தகனையும் அடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு எல்லார் குரலும் வரும் என்பது பொய். தலைமை ஆசிரியர் வருவார், ரிகோ வருவார், நாய் நன்றாக வரும். அண்ணன் வரவில்லை.