உயிர் மட்டும் கேட்கும் காது

பிப்ரவரி 9

காலையில் மனைவி அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். "கால் தீஞ்சுபோச்சு" என்று என் காதில் விழுந்தது. டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றேன். பால் தீர்ந்துபோச்சு என்றிருக்கிறாள். போன வருடமாயிருந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இன்று காலிப் பையை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தானே கடைக்குப் போனாள்.

பிப்ரவரி 12

காது டாக்டர் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். வலது காது சின்ன வயதிலேயே போனது. இடது காதில் தாழ்ந்த சுருதி ஒலிகள் மட்டும் மிச்சமாம். முப்பத்துநாலு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் இதை இன்னும் எளிதாகச் சொல்வேன்: உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து கேட்கவில்லை. பட்டம், சட்டம், வட்டம், கட்டம் எல்லாம் எனக்கு ஒன்றுதான். மெய் உதிர்ந்துபோய், உயிர் மட்டும் மிதந்து வருகிறது.

நான் எப்போதும் கேட்கும் பாடகி, அந்தம்மாவின் பாட்டு மட்டும் ஏன் கேட்கிறது என்பதும் புரிந்துவிட்டது. கனத்த குரல். ஒரு ஆகாரத்தைப் பிடித்தால் விடமாட்டார். வரிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். உயிரை அவர் தருகிறார், மெய்யை நான் போட்டுக்கொள்கிறேன்.

மனைவியின் பேச்சுக்கு அப்படிப் போட முடியவில்லை. அடுத்து என்ன சொல்வாள் என்பது இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

பிப்ரவரி 13

"ஒண்ணுமில்ல, விடுங்க." என்ன என்று கேட்டால் மனைவி சொல்வது இது; இன்று பதினோரு முறை. வருகைப்பதிவு மாதிரி கோடு போட்டு எண்ணினேன்.

பிப்ரவரி 20

அறுவை செய்து காதுக்குள் ஒரு கருவியைப் பொருத்தலாம் என்கிறார் டாக்டர். சில மாதங்களில் பேச்சு புரிந்துவிடும். ஆனால் இப்போது மிச்சமிருக்கும் கேட்கும் திறன் அநேகமாகப் போய்விடும். பாட்டைப் பற்றி நான் கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். அவர் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார்: "பாட்டு பழைய மாதிரி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன் சார்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மனைவி ஏதோ சொன்னாள். என்ன என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 21

ஒரு பாட்டுக்காரிக்காகவா இவ்வளவு யோசனை? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். அப்பா போனபோது எனக்கு அழுகை வரவில்லை. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள், "அழுதுடுடா" என்று. வரவில்லை. நாலாம் நாள் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ரேடியோவில் அந்தம்மா. துக்கப் பாட்டுகூட இல்லை, ஏதோ மழையைப் பற்றியது. நடுவில் ஓரிடத்தில் குரல் தாழ்ந்து நின்றது. அவ்வளவுதான். சிவப்பு மை கலைந்து ஒரு பையனின் தாள் பாழாகிவிட்டது. அவனுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன்.

அதன் பிறகு அழ வேண்டியதையெல்லாம் அந்தக் குரலில்தான் அழுதிருக்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியாது. அது போய்விட்டால்?

மனைவிக்கு அந்தம்மா 'சக்களத்தி'. பாட்டைப் போட்டால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மார்ச் 2

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. தலையாட்டினாள், கையை விரித்தாள், யாரையோ கேலி செய்வதுபோல உதட்டைச் சுழித்தாள். எதிரே யாருமில்லை. என் சட்டைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கிட்டே போனதும் நிறுத்திவிட்டாள். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். என் இடது காதருகே வந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பேசுற பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுல்ல."

அறுவைக்கு நாள் கேட்டு டாக்டருக்குப் போன் செய்யும்படி மகளிடம் சொன்னேன். பதினெட்டாம் தேதி.

மார்ச் 17

மதியம் முழுக்க அந்தம்மா. ஒலிபெருக்கியை மடியில் வைத்துக் காதைச் சாய்த்துக்கொண்டேன். ஒரு குரலை எப்படி மனப்பாடம் செய்வது? செய்யுளைத்தான் செய்ய முடியும்.

மனைவி தேநீரோடு வந்து நின்று, உதடு பிரித்துக் கேட்டாள்: "சக்களத்திக்கு டாட்டா சொல்லியாச்சா?" சிரிக்கத்தான் சொன்னாள். இருவருமே சிரிக்கவில்லை.

ஏப்ரல் 15

கருவியை இன்று முடுக்கினார்கள். மனைவி முன்னால் குனிந்து "ஏங்க, கேக்குதா?" என்றாள். தகரத்தால் செய்த வாத்து பேசியது போல இருந்தது. ஆனால் 'க்' இருந்தது. இரண்டு 'க்', ஒன்றன்மேல் ஒன்றாக. கேட்கிறது என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மே 6

எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, "உப்பு போட்டேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். போட்டாய், இரண்டு தடவை என்றேன். கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், மாலைவரை வாய் ஓயவில்லை. தையல்காரர் மனைவியின் மூட்டுவலி, பக்கத்து வீட்டு நாய்க்குப் பல் பிடுங்கிய கதை, மூன்று வருடத்துக்கு முன் நான் தலையை மட்டும் ஆட்டிவைத்த ஒரு சண்டை. கருவியின் பேட்டரி தீர்ந்தபோது பாதி வாக்கியத்தில் இருந்தாள்.

மே 7

தைரியம் வந்து பாட்டைப் போட்டேன்.

வரி தெளிவாகக் கேட்டது. ஒரு மெய்யெழுத்துகூடத் தப்பவில்லை. குரல் இல்லை. டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டு உலுக்குகிற சத்தம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. வகுப்பில் நானே வாசித்துக் காட்டியிருந்தாலும் இதைவிடப் பாட்டாக இருந்திருக்கும்.

எப்படி இருக்கு என்று வாசலில் நின்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன்.

மே 30

வாரத்தில் இரண்டு நாள் அவளே எனக்காகப் பாட்டைப் போட்டுவிடுகிறாள். உட்கார்ந்திருக்கிறேன். கேட்கக் கேட்க, நெஞ்சில் இருந்த பழைய குரலின்மேல் இந்தச் சத்தம் படிகிறது. எழுதிய பலகைமேல் வேறொருவர் எழுதுவது மாதிரி. அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 3

அந்தம்மா காலமாகிவிட்டார். காலைச் செய்தியில் சொன்னார்கள்.

தையல் கடையில், பஸ் நிறுத்தத்தில், போகிற வருகிறவர்களின் போனிலெல்லாம் அவர்தான். எனக்குத் தெரு முழுக்கச் சரளைக்கல். அழுதீர்களா அப்பா என்று மகள் கேட்டாள். இல்லை. எனக்குச் சொட்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால், மனைவி காய் நறுக்கும் வெறும் பலகை முன் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். உனக்கென்ன என்றேன்.

"இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தவ இல்லையா?"

ஜூலை 4

சாயங்காலம் மழைப் பாட்டைப் போட்டாள். நிறுத்தச் சொன்னேன். இனி என்ன மறைப்பது? இதில் எனக்கு அவர் இல்லை, மே மாதத்திலிருந்தே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். உங்க மூஞ்சி பரீட்சை ஹால் வாத்தியார் மூஞ்சி மாதிரி இருந்துச்சு. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

நிறுத்தவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன், கேளுங்க. இப்ப மெதுவாத்தான் ஆரம்பிக்கிறா. தூங்கி எழுந்த குரல் மாதிரி. இந்த இடத்துல லேசாக் கரகரக்குது. இப்ப ஏறுறா. ஏறிட்டே இருக்கா. வயலின் நின்னுடுச்சு, அவ நிக்கல. இப்ப கீழ வர்றா, படி படியா. நின்னுட்டா. மூச்சு வாங்குறா."

மூச்சு வாங்கும் இடம்வரை இவளுக்கு எப்படித் தெரியும்? கதவைச் சாத்திக்கொண்டு அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தாள் இத்தனை வருடமும்?

கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. அவள் பார்க்காத மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

"முடிஞ்சிடுச்சுங்க" என்றாள்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.