எரிந்துகொண்டிருந்த அடுப்பு

அன்புள்ளவருக்கு,

அலாரத்தை நிறுத்தியது நான்தான். மிசோ சூப் மேசையில் இருக்கிறது. ஆறியிருந்தாலும் அப்படியே குடியுங்கள், அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறி வந்ததில் நீங்கள் சரியாகத் தூங்கி இரண்டு வாரமாகிறது. நேற்று, ரயில் ஓட்டும்போது ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்வதுபோலவே, அடுப்பை நோக்கி விரல் நீட்டி, "அடுப்பு அணைஞ்சிருக்கு, சரி" என்றீர்கள். வீட்டிலும் அது உங்கள் வழக்கம்தான். ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"எரியுதுங்க" என்றேன். மறுபடியும் விரலை நீட்டி அதையே சொன்னீர்கள். கண் திறந்தேதான் இருந்தது.

இன்று காலையில் உங்கள் மேலதிகாரி குராஹாஷிக்குப் போன் செய்து, நீங்கள் வேலைக்கு வரமாட்டீர்கள் என்றேன்.

"லீவுக்குக் காரணம் காய்ச்சல்னு போட்டுக்கட்டுமாம்மா?"

"வேண்டாங்க. தூங்கிட்டே சிக்னல் சொல்றாரு."

"அப்படிப் போட்டா அவர வண்டி ஓட்ட விடமாட்டாங்க."

"தெரியுங்க" என்றேன்.

கோபம் வந்தால் சாயங்காலம் திட்டுங்கள்.

உங்கள் எட்டு மணி வண்டியை இன்று வேறொருவர் ஓட்டுகிறார். அதில் பள்ளிக்குப் போகும்போது, முதல் பெட்டியின் கண்ணாடி வழியே நீங்கள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமென்று மகள் தினமும் அடம்பிடிப்பாள். கொஞ்ச நாளாக அவளைக் கடைசிப் பெட்டியில்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்று நாங்கள் முதல் பெட்டியில் உட்காரப்போகிறோம்.

தூங்குங்கள்.

உங்கள் மனைவி