பதினேழாவது அங்கி

ரெய்னர்ஸ் லேன்,
9 ஒக்டோபர் 2024

அன்புள்ள பீற்றர் அண்ணைக்கு,

மாதாவின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் கோபத்தோடாவது சுகமாயிருக்க வேண்டும்.

ஆவணித் திருவிழா முடிந்து நீங்கள் அனுப்பிய மடு மாதா கோயில் மண்ணும், கூடவே வந்த கடிதமும் கிடைத்தன. மண்ணைத் தலைமாட்டில் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். உக்ரேனுக்குக் கவச அங்கி தைக்கும் வேலையை விடச் சொல்லியிருந்தீர்கள். விடாவிட்டால் மே மாதம் தம்பி ஜெராட்டின் ஆண்டுப் பூசைக்கு மன்னாருக்கு வராதே என்றும் எழுதியிருந்தீர்கள். சொன்னதில் ஒன்றையும் நான் செய்யவில்லை.

முதலில் மண்ணின் கதை. நான் தைப்பது அங்கியின் நெஞ்சில் குண்டு தடுக்கும் தகட்டைச் செருகும் பை. பாம்புக்கடிக்கே மருந்தான மண் என் தலைமாட்டில் சும்மா கிடந்து என்ன செய்யும்? நகமளவு பொலித்தீன் பொட்டலங்கள் கட்டி, பதினேழு அங்கிகளின் உட்துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். பயணப் பைக்குள் மடு மண் வைக்கிற எங்கள் பழக்கம் இராணுவச் சாமானுக்கு ஆகாது என்பது இந்த மொக்கு மண்டைக்கு எட்டவில்லை.

தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரியம்வதா, சென்னைக்காரி, ஒரு அங்கியைப் பிரித்தாள். உள்ளே என்னவென்று தெரியாத தூள்! மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். இருநூறு பேர் கார் பார்க்கில் மழையில் நின்றோம். அது கோயில் மண், நான்தான் வைத்தேன் என்று கையை உயர்த்தினேன். "ஐயோ, கோயில் பிரசாதமாங்க? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவள் தலையில் கை வைத்தாள்.

அது வெறும் மண்தான் என்று பரிசோதித்து முடிக்க மூன்று நாள். அந்த மூன்று நாளும் முந்நூறு அங்கிகள் லொறி ஏறவில்லை. அது என் பிழை, அண்ணை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேலை போனால் அண்ணை சொன்னது தானாக நடந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மேலாளருக்கு முன்னால் இருந்ததும் வாய் வேறு சொல்லிற்று. என்ன தண்டனையும் தாருங்கள், மெஷினை விட்டு எழும்ப மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சாகும்போது என் தம்பி ஜெராட்டுக்கு இருபத்திரண்டு வயது என்றேன். அவன் நெஞ்சில் பட்டது பெரிய குண்டல்ல, நகமளவு சிதறல் என்றேன். எழுத்தில் எச்சரிக்கை தந்து, மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

எங்கள் மேல் விழுந்த ஷெல்லையும் ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒரு தங்கச்சிதான் பொதி செய்திருப்பாள் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்து அழுதேன். அது உண்மை. இதையும் மறைக்க மாட்டேன்: ஒரு நாடு ரேடார் கொடுக்கிறது, ஒரு நாடு வாகனம், இன்னொன்று ஷெல். எங்கள் அங்கிகளும் அவற்றோடு போலந்துக்குப் போய், அங்கே லொறி மாறித்தான் எல்லை கடக்கின்றன. கொடுக்கிறவர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அடிக்கிறவன் கையும் அடி வாங்குகிறவன் முதுகும் ஒன்றா? எங்கள் மேல் ஷெல் விழுந்த அன்றைக்கு உலகம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கோபத்தில் இன்னொருவன் நெஞ்சை வெறுமையாக விடச் சொல்கிறீர்களா? என்னால் ஏலாது.

மே மாதம் வருவேன். வீட்டுக் கதவைச் சாத்தினால் கோயில் வாசலில் நின்று பூசை காண்பேன். கோயிலுக்கு நீங்கள் பூட்டுப் போட முடியாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பதினாறு பொட்டலங்களைத்தான் திரும்ப எடுத்தார்கள். பதினேழாவது அங்கி முந்திய லொறியிலேயே போய்விட்டது. மேலாளரிடம் சொன்னேன்; இனி அதைத் தேடிப் பிடிக்க முடியாது என்றார். உங்கள் கையால் அள்ளிய மண் இப்போது யாரோ ஒரு பிள்ளையின் நெஞ்சில் கிடக்கிறது.

அடுத்த முறை மடுவுக்குப் போகையில் அவனுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள், அண்ணை. அவன் பெயர் எனக்குத் தெரியாது. மாதா கேட்டால், ஜெராட் என்று சொல்லுங்கள்.

பிடிவாதம் குறையாத உங்கள் தங்கச்சி,
டொலறஸ்