மகினோவிடம் நீ சொன்ன எண்

அன்பு மகள் சுமிரேவுக்கு,

மத்சுயேயில் நானும் அம்மாவும் சுகம். ஆஸ்லோ குளிரில் நீயும் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் உறுதியான செய்தி: 73939133 ஒரு பகா எண். ஞாயிறு மாலை சமூகக்கூடத்தில் எங்கள் சீட்டாட்டக் குழுவின் கணினி இதை உறுதிசெய்தது. அந்த எண்ணை இறக்கியவர் அடுத்த வீட்டு மகினோ. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நீ. இதை மகினோவே எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

எங்கள் ஆட்டம் உனக்குத் தெரியும், சீட்டுகளை வரிசையாக வைத்தால் வருவது பகா எண்ணாக இருக்க வேண்டும். கணினியைத் தட்டுமுன் வகுக்கும் எண்ணைச் சொல்லி யாரும் மறிக்கலாம், தவறினால் மறித்தவர் அன்று எல்லாருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். கட்டில் இருக்கும் நான்கு மூன்றுகளும் மகினோ கையில்தான் இருந்திருக்கின்றன. எட்டுச் சீட்டையும் பரப்பிவிட்டு, "உங்க சுமிரே போன்ல சொல்லிக்குடுத்தா, நிஷிவாக்கி-சான். கடைசி இலக்கத்தை ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே வாங்க, ஏழு மட்டும் மிஞ்சுற வரைக்கும் எதுவும் வகுபடாதாம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். உன் பெயரைக் கேட்டதும் எனக்கு மூன்றும் ஒன்பதும் மட்டுமே கண்ணில் பட்டன. "மூணால வகுபடும்" என்று மறித்துவிட்டேன். அவற்றை ஒதுக்கினால் ஏழும் ஒன்றும் சேர்ந்து எட்டு மிஞ்சும், வகுபடாது. மகினோ கோப்பையை நீட்டி, "எனக்குக் கொஞ்சம் சூடா ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா, "அவர் மேல இருக்கிற எரிச்சலைக் கணக்கு மேல காட்டினா அது என்ன பண்ணும்?" என்கிறாள். மகினோ காய்ந்த பெர்சிமன் பழம் அனுப்பியதற்கு நன்றி சொல்ல நீ அவரை அழைத்தாயாம். நாங்களும்தானே பழம் அனுப்பினோம்! எங்களிடம் பேசுவது வானிலையும் என் ரத்த அழுத்தமும், அவரிடம் எட்டு இலக்கப் பகா எண்ணா? நாற்பது வருடம் பத்திரிகையில் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு இடத்தில் கேட்டு எழுதியவன் நான். மகினோ நல்லவர்தான், அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. தடித்த காலுறை போடு, வெறும் ரொட்டியோடு வேலைக்கு ஓடாதே.

கடைசியில் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் அந்த எண் வகுபட்டுவிடும் என்றும் அவரிடம் சொன்னாயாம். இரட்டைப்படையையும் ஐந்தையும் விட்டுவிடுவோம். ஒன்றோ ஏழோ சேர்த்தால் மூன்றால் வகுபடுகிறது, இந்த முறை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்றைச் சேர்த்தால் எது வகுக்கும், ஒன்பதைச் சேர்த்தால் எது வகுக்கும் என்று இருபத்துமூன்று வரை கையால் வகுத்தும் பிடிபடவில்லை. கணினியிடம் கேட்கவில்லை. மகினோவுக்கும் தெரியாது, அவரே ஒப்புக்கொண்டார்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை வழக்கம்போல் அழைப்பாய் அல்லவா, அதுவரை அந்த இரண்டும் நிலுவையில் இருக்கும். முதலில் எனக்குச் சொல்.

உன் அப்பா,
நிஷிவாக்கி தெத்சுரோ