கண்ணில் குத்தும் முடி

என்னங்க,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இடுப்புவலி தேவலையா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் இங்கே நன்றாக இருக்கிறேன்.

இன்று சலூனில் ஒரு கூத்து. வயதான ஒரு பெண்மணி வந்தார். பின்கழுத்தில் ஒட்ட வெட்டி, மேலே போகப் போக அடுக்கடுக்காக நீளம் விட்டு, முன்னால் நெற்றியை மூடுகிற மாதிரி அடர்த்தியாக முடி விழ வேண்டும் என்றார். பின்பக்கம் அழகாக வந்தது. முன்முடியை ஈரத்தோடு சீவி முகத்தில் இறக்கினேன். முகமே மறைந்துவிட்டது. கத்தரியை வைத்தேன். உள்ளேயிருந்து, "அம்மா, கண்ணுல குத்துது" என்று நம் பாப்பாவின் குரல்.

"கண்ணை மூடிக்கோடி தங்கம், இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே, பாப்பாவுக்கு வெட்டுகிற அளவில் வெட்டிவிட்டேன். முடி காய்ந்ததும் சுருங்கிப் பாதி நெற்றிக்கு ஏறிக்கொண்டது.

"யாருடி அந்தத் தங்கம்? அவங்க பேத்தி எடுத்தவங்க" என்றார் முதலாளியம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தப் பெண்மணி மட்டும், "நான் வாயே திறக்கலையேம்மா" என்றார்.

கொஞ்ச நாளாகப் பாப்பா போனுக்கு வருவதில்லை. தூங்குகிறாள், விளையாடுகிறாள் என்கிறீர்கள். சரி. அவளுக்கு முன்முடி வளர்ந்திருக்கும். நன்றாகக் காயவைத்து, புருவம் வரை விட்டு வெட்டுங்கள். ஈரத்தில் கத்தரி வைக்காதீர்கள். வெட்டின முடியில் கொஞ்சம் காகிதத்தில் மடித்து அனுப்புங்கள்.

அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்? போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். எதையும் மறைக்காமல் சீக்கிரம் பதில் போடுங்கள்.