தண்டட்டிக் காது

ஆவணி 9, புதன்.

மகளைப் பெண் பார்த்துப் போன ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை இன்று தரகரை அனுப்பினான். பெண் பிடித்துவிட்டதாம். ஆனால் என் மனைவி தண்டட்டி போட்ட தொங்கு காதோடு கல்யாணப் போட்டோவில் நிற்கக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்டு, சினிமாக்காரி மாதிரி குட்டித் தோடு போட வேண்டுமாம்.

"இப்ப எல்லாருமே தச்சுக்கறாங்கங்க" என்று தரகர் இழுத்தார்.

"மாப்பிள்ளைய மொதல்ல மண்டையத் தச்சுக்கிட்டு வரச் சொல்லும்" என்று விரட்டிவிட்டேன். வந்த சம்பந்தம் போனால் போகட்டும். கொட்டகைத் திரையில் ஒருத்தி தலையை ஆட்டினால் ஊர்க் காதெல்லாம் கத்திக்குப் போகிறது. வெட்கங்கெட்ட ஜனங்கள். என் மீசையும் அதே திரையில் பார்த்து ஒதுக்கியதுதான். ஆனால் அது வெறும் மயிர், வெட்டினால் வலிக்காது.

மனைவியின் மானத்தைக் காத்த பெருமையோடு சாப்பிட உட்கார்ந்தேன். வெஞ்சனம் வைத்தபடியே அவள் கேட்டாள்: "அந்தப் பய கெடக்கான். காது தைக்க நாம எப்பங்க மதுரைக்குப் போறோம்?"